புகைக்குழாய் இரண்டு வேண்டுமா?



இந்த மாதம் சமையலைப் பற்றியோ பிள்ளை வளர்ப்பைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. வாகனத்தின் புகைக்குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். "இது ஆண்களின் விஷயமல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாகனத்தை ஓட்டுவது ஆண்களாக இருக்கலாம். ஆனால் பின்னிருக்கையில், மடியில் பிள்ளையோடு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாம்தானே! என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமி புத்தளத்தில் வபாத்தானார். பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 அக்டோபர் 30ஆம் தேதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, கையில் ஒரு பையோடு புத்தளம் வந்து சேர்ந்தவர். "என் மையித்தை மட்டும் ஊருக்குக் கொண்டு போங்கள்" என்பது அவருடைய கடைசி ஆசை. அதை நிறைவேற்ற வேண்டுமென்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு பழைய பெற்றோல் வான். நடுவில் சந்தூக்கை வைத்தார்கள். அதன் இரு பக்கமும் பெண்களும் பிள்ளைகளுமாக ஏழு பேர் உட்கார்ந்தோம். சந்தூக் சற்று நீளமாக இருந்ததால் பின்கதவு முழுதாக மூடவில்லை. கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். ஒரு சாண் இடைவெளி இருந்தது. "இருக்கட்டும், காற்றாவது வரும்" என்றேன் நான். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

அநுராதபுரம் தாண்டும்போது எனக்குத் தலையிடி தொடங்கியது. வவுனியாவில் மச்சாளின் ஆறு வயது மகள் வாந்தி எடுத்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் தங்கை, "ராத்தா, கண் இருட்டுது" என்று என் தோளில் சாய்ந்தாள். இரவெல்லாம் விழித்தது, அழுதது, வயிற்றில் ஒன்றும் இல்லாதது, எல்லாம் சேர்ந்த களைப்பு என்றே நாங்கள் நினைத்தோம். கிளிநொச்சியில் இறங்கித் தேநீர் குடித்தபோது கொஞ்சம் தெளிந்தது போலிருந்தது. மறுபடி ஏறினோம். மறுபடி அதே தலையிடி.

ஆனையிறவு, சாவகச்சேரி, நாவற்குழி, செம்மணி எல்லாம் கடந்து, யாழ்ப்பாண நகரத்தின் வாசலான அரியாலைக்குள் கண்டி வீதியில் நுழைந்தபோது, வண்டிக்கு அடியில் ஏதோ விழுந்து தார் வீதியில் உராயும் சத்தம் கேட்டது. சைலன்சர் கழன்று தொங்கியது. அல்ஹம்துலில்லாஹ்! அது அங்கே விழுந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வீதியோரத்தில் ஒரு சிறிய கராஜ் இருந்தது. வயதான மெக்கானிக் ஒருவரும், அவருக்கு உதவியாக ஓர் இளைஞரும் இருந்தார்கள். மையித்து இருக்கும் வண்டி என்று கண்டதும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த இளைஞர் எழுந்து வந்து என்னிடம் கேட்டார்:

"அக்கா, உள்ளுக்குள்ள இருந்த ஆக்களுக்குத் தலையிடி வந்ததோ?"

"ஓம் தம்பி, எல்லாருக்கும்தான். அழுததால வந்தது எண்டு நினைச்சம்."

"அழுததால இல்லை அக்கா. பைப் முன்னுக்கே உக்கிப்போய் ஓட்டை. பின்கதவும் திறந்து கிடக்கு. புகை முழுக்க உங்களிட்டத்தான் வந்திருக்கு."

"புகை மணக்கவே இல்லையே தம்பி!"

"மணக்கிற புகை எண்டால் இறங்கி ஓடியிருப்பியள் அக்கா" என்றார் அவர்.

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாம் இருக்கிறது. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நச்சு வாயுக்களில் மிகவும் ஆபத்தானது காபன் மொனொக்சைட். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதனோடு ஒட்டிக்கொள்வதில் இந்த வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலியது. பஸ்ஸில் நம் இருக்கையில் வேறொருவர் ஏறி உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுப்பது போலத்தான். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், மயக்கம், குழப்பம். அதற்குப் பிறகு தூக்கம் போன்ற நினைவிழப்பு. அப்படித் தூங்கியவர் எழும்பாமலே போகலாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தாயின் இரத்தம் தெளிந்த பிறகும் சிசுவின் இரத்தத்தில் அது அதிக நேரம் தங்கி நிற்கும்.

எங்கள் சைலன்சரைக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் கராஜின் ஓரத்தில் நின்ற வாகனத்தைக் கவனித்தேன். பழைய ஒஸ்ரின் கார். பின்பகுதியை நீட்டி, மரச்சட்டமும் கண்ணாடியும் வைத்துக் கட்டிய பிரேத ஊர்தி. கறுப்பு வர்ணம் புதிதாகப் பூசிப் பளபளவென்றிருந்தது. அதன் அடியில் இரண்டு புதிய குழாய்கள் கிடந்தன.

"அது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"முதலாளியின்ர மகன் கனடாவில இருந்து வந்து நிக்கிறார் அக்கா. வண்டிக்கு இரண்டு சைலன்சர் பைப் வைக்கட்டாம். சத்தம் கம்பீரமா இருக்கவேணுமாம்."

வயதான மெக்கானிக் தலையைத் தூக்காமலே, "அழுகிற சனத்துக்கு நடுவில என்ன கம்பீரம்?" என்றார். பிறகு, நாங்கள் மையித்தோடு வந்தவர்கள் என்பதாலோ என்னவோ, அந்த வேலை ஏன் தனக்குப் பிடிக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் உங்களுக்குத் தருகிறேன்.

எஞ்சினுக்குள் சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோல் எரிந்து புகை வெளியேறுகிறது. அந்தப் புகையை ஒன்று சேர்த்து, சைலன்சருக்குள் செலுத்தி, சத்தத்தை அடக்கி, வண்டிக்கு வெளியே கொண்டுபோய் விடுவதுதான் குழாயின் வேலை. அமெரிக்காவின் பழைய கடிலாக் பிரேத ஊர்திகளில் எட்டு சிலிண்டர்; அவை நான்கு நான்காக இரண்டு வரிசையில் இருக்கும். இரண்டு வரிசைக்கும் தனித்தனி வாய் இருப்பதால் அங்கே இரண்டு குழாய் வைப்பதில் நியாயம் இருக்கிறது. பிரித்தானியாவில் 1968 முதல் 1992 வரை செய்யப்பட்ட டெய்ம்லர் டிஎஸ்420 என்ற நீண்ட காரும் பிரேத ஊர்தியாகப் பெயர் பெற்றது. அதற்கு ஜாகுவாரின் ஆறு சிலிண்டர் எஞ்சின். அங்கும் புகை மூன்று மூன்றாகப் பிரிந்து வெளியேறும்.

ஆனால் நமது ஊர்களில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவை நான்கு சிலிண்டர் கார்கள். நான்கும் ஒரே வரிசை. புகை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரே குழாயால் இறங்கும். அதைப் பின்னால் கொண்டுபோய் இரண்டாகப் பிரிப்பது, ஒரே அடுப்புக்கு இரண்டு புகைக்கூண்டு கட்டுவது போன்றது. சோறு சீக்கிரம் வேகாது!

"குழாய் பெரிதானால் எஞ்சின் சுகமாக மூச்சு விடும் அல்லவா?" என்று நானா கேட்டார். அது வேகமாக ஓடும் வண்டிக்கு ஓரளவு பொருந்தும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் நீர் வேகமாகப் பாயும். விட்டுவிட்டால் சோர்ந்து விழும். புகையும் அப்படித்தான். அளவான குழாயில் வேகமாகப் போகும் புகை, தனக்குப் பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால், மெதுவாக ஓடும்போது அந்த இழுவை போய்விடும். பிரேத ஊர்தி போவதோ மனிதர் நடக்கும் வேகத்தில்!

இன்னொன்றும் சொன்னார். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி அது பறந்துவிடும். வீட்டிலிருந்து மயானம் வரை மெல்ல ஊர்ந்து போகும் வண்டியில் குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே துரு. ஒரு குழாயின் சூட்டை இரண்டாகப் பங்கிட்டால் இரண்டுமே ஆறிப்போய்த் துருவும் இரண்டு மடங்காகும். பொருத்துகள் கூடக்கூட, புகை கசியும் இடங்களும் கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து குழாய் முடியும் இடத்தில் இருக்கிறது. ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று, வெளியேறிய புகையை மறுபடி வண்டியை நோக்கி இழுக்கும். பின்கதவு திறந்திருந்தால், அல்லது கதவின் றப்பர் தேய்ந்திருந்தால், அந்தப் புகை உள்ளே வரும். பிரேத ஊர்தி என்றால் முழு உடம்பும் பின்கதவுதான். அதன் அடியில் இரண்டு குழாயை அழகுக்காக வரிசையாக முடித்துவைத்தால், கதவு இடுக்கின் எந்த மூலையும் புகைக்குத் தப்பாது. கதவைத் திறந்து வைத்தால் காற்று வரும் என்று நான் நினைத்தேனே, அந்தக் காற்றோடு வந்ததுதான் எங்களுக்குத் தலையிடி.

"அப்படியெண்டால் சண்டைக் காலத்தில நாங்கள் எல்லாரும் செத்திருக்கவேணுமே ஐயா! மண்ணெண்ணெய்ப் புகையிலதானே கார் எல்லாம் ஓடினது?" என்றார் நானா.

பெரியவர் சிரித்துவிட்டார். உங்களில் பலருக்கு அது தெரியாமலிருக்கலாம். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் செல்லத் தடை விதிக்கப்பட்டது. காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடாக்கி, அதன்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது முழுதாக எரியாமல் வெள்ளைப் புகையாகக் கக்கும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். உதிரிப்பாகங்களும் வருவதில்லை. சைலன்சர் உக்கினால் தகரத்தை வெட்டி, சுருட்டி, ஒட்டித் தாங்களே செய்தார்கள். ஏ-9 பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மறுபடி திறந்தது. அத்தனை காலமும் அந்தப் பழைய கார்களை உயிரோடு வைத்திருந்தது இப்படிப்பட்ட கராஜ்களின் கைவேலைதான்.

"அந்தப் புகை கண்ணை எரிச்சது, அதால சனம் கண்ணாடியைத் திறந்தது, விலகி நிண்டது" என்றார் பெரியவர். "இப்ப வண்டி ஏசியில ஓடுது, கண்ணாடி எல்லாம் பூட்டு. தெரியாத புகைக்கு ஆர் விலகுறது?"

அன்று மாலை மாமியை அவர் கேட்ட மண்ணிலேயே நல்லடக்கம் செய்தோம். அடுத்த நாள்தான் தங்கையை டாக்டரிடம் காட்டினோம். "நேற்றே நேராக வைத்தியசாலைக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும்" என்று கண்டித்தார். அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை சுகமாகப் பிறந்து இன்று பள்ளிக்கூடம் போகிறது. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாதல்லவா? ஆகவே இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரப் பயணத்துக்கு வாகனம் பிடிக்கும்போது, முக்கியமாக ஜனாஸாவோடு போகும்போது, "சைலன்சரைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, மெக்கானிக் தடித்த துணியால் குழாயின் வாயைச் சற்று அடைத்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் "உஸ்" என்று காற்று சீறும். பொருத்துகளில் கரி படிந்திருந்தாலும் அங்கே கசிவு உண்டு. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறிய வண்டிதானே என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பரிசோதனை குழாயின் நுனியில் வரும் புகையைத்தான் அளக்கும். நடுவழியில் எவ்வளவு கசிகிறது என்று சொல்லாது.

பின்கதவைத் திறந்து வைத்து ஓட விடாதீர்கள். சந்தூக் நீளமென்றால் வேறு வாகனம் பிடியுங்கள். வழியில்லாமல் போனால் பெண்களும் பிள்ளைகளும் இன்னொரு வாகனத்தில் ஏறட்டும். நிறுத்திய வண்டியில் எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள்.

ஒரே வண்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்து, இறங்கி நின்றால் குறைந்து, ஏறினால் கூடினால், அது பித்தமுமல்ல, கண்ணூறுமல்ல. உடனே நிறுத்தி எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இறக்குங்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய், "வாகனப் புகை உள்ளே வந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒட்சிசன் கொடுப்பதுதான் அதற்கு மருந்து. சாதாரண காற்றில் இருந்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியாகச் சுத்த ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கும். விரலில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவி "எல்லாம் சரி" என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். இந்த வாயுவையும் ஒட்சிசனையும் அதனால் பிரித்தறிய முடியாது.

இதே வாயு நம் வீட்டுக்குள்ளும் வரும். பிள்ளை பெற்றவளின் அறையில் தணல் சட்டியை வைத்துக் கதவைச் சாத்துவது, மின்சாரம் நின்றால் ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்து ஓட்டுவது, இவை இரண்டும் உக்கிய சைலன்சருக்குச் சமம்.

சரி, அந்த ஒஸ்ரின் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்குப் பிறகு நானா அந்த வழியாகப் போனபோது கராஜ் வாசலில் அதைப் பார்த்தாராம். பின்னால் இரண்டு குழாய்கள் மின்னிக்கொண்டிருந்தனவாம். "என்ன ஐயா, கடைசியில வைச்சிட்டியள்?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் குனிந்து காட்டினாராம். ஒரு குழாய்தான் எஞ்சினோடு பொருந்தியிருந்தது. அதையும் கதவுக்கு அடியில் விடாமல் பக்கவாட்டில் வெளியே நீட்டி, மரத்தளத்துக்குச் சூடு ஏறாதபடி தகடு மறைத்து, றப்பரில் தொங்கவிட்டிருந்தார். மற்றக் குழாய் வெறும் அலங்காரம், உள்ளே அடைத்தது.

"ஒண்டு புகைக்கு, மற்றது மகனுக்கு" என்றாராம் பெரியவர். எஞ்சினை ஓடவிட்டபோது சத்தமே கேட்கவில்லை என்று நானா வியந்து சொன்னார்.

அந்தச் சத்தமின்மைதான் உண்மையான மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதை நாம் அறிவோம். யாருடைய மரணமானாலும் அங்கே நமக்கு ஓர் அடக்கம் வேண்டும். அதிலும் அரியாலை சாதாரண ஊரல்ல. 2025 பெப்ரவரியில் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. அந்த ஆண்டின் அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறு குழந்தைகளுடையவை உட்பட, எடுக்கப்பட்டன. ஊர்தியுமில்லாமல், உறவினர் கண்ணீருமில்லாமல் போனவர்கள் அவர்கள். எங்கள் மாமிக்கோ ஒரு பழைய வானாவது கிடைத்தது, அருகில் இருந்து அழ நாங்கள் ஏழு பேர் இருந்தோம். வழியனுப்பப் போகிறவர்கள் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்பதும் அந்த மரியாதையில் ஒரு பகுதிதானே, சகோதரிகளே?

இன்றே உங்கள் வீட்டு ஆண்களிடம், உங்கள் பள்ளிவாசல் ஜனாஸா வாகனத்தின் சைலன்சரைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், கேட்டுவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.